ஐந்து மீட்டர் அகலம்

அன்புள்ள முருகேசா,

உன் மகள் அனுப்பிய வீடியோவை இருவரும் பார்த்தோம். ஆபரேஷன் செய்த முழங்காலோடு கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறுகிறாய். சீஃப் எஞ்சினியர் திமிர் இன்னும் போகவில்லை. பிசியோதெரபிக்கு வரும் பெண் சொல்கிறபடி கேள். இங்கே பிரிஸ்பேனில் எல்லோரும் சௌக்கியம். மகனுக்கு மெல்பர்னில் புது வேலை. லலிதாவும் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள்.

நீ திட்டிய விஷயத்துக்கு வருகிறேன். "ஒரு எஞ்சினைக் கட்டி மேய்ப்பதே பெரும்பாடு, இந்த வயசில் இரண்டு எஞ்சின் வைத்த பழைய போட் எதுக்குடா? அந்தக் காசுக்குத் தூத்துக்குடியில் ஒரு வீடு வாங்கியிருக்கலாமே" என்று எழுதியிருந்தாய். வீடு வாங்கினால் வாடகைக்காரரோடு சண்டை, போட் வாங்கினால் உப்போடு சண்டை. எனக்கு இரண்டாவதுதான் ஒத்துவருகிறது. காசு விஷயத்தில் நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது, மறைக்கப்போவதில்லை.

ஏன் கேட்டமரன், அதாவது இரண்டு ஹல் (தண்ணீரில் மிதக்கும் அடிக்கூடு) சேர்த்த போட்? லலிதாவுக்கு ஆட்டம் ஆகாது. இங்கே ஒரு நண்பரின் ஒற்றை ஹல் போட்டில் மோர்ட்டன் தீவின் டாங்கலூமாவுக்குப் போய் நங்கூரம் போட்டிருந்தோம். பக்கத்தில் போன பெரிய போட் ஒன்று கிளப்பிய அலையில் இடமும் வலமுமாக உருண்டதில், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே பொழுதைக் கழித்தாள். "அசையாத போட் இருந்தால் சொல்லுங்கள், வருகிறேன்" என்று சொல்லிவிட்டாள். அசையாத போட் ஏது? ஆனால் அதிகம் உருளாத போட் உண்டு. இரண்டு ஹல்லை இவ்வளவு தள்ளி வைத்தால் ஜிஎம் (சாய்ந்த படகு நிமிரும் திறனைக் காட்டும் அளவு) எவ்வளவு வரும் என்று உனக்கு நான் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. விற்கிறவர்கள் சொல்லாத பாதியும் அதற்குள்ளேயே இருக்கிறது: பக்கவாட்டு அலையில் உருளாது, ஆனால் வெடுக் வெடுக்கென்று உதறும். கப்பலின் நிதானமான ஆட்டத்துக்குப் பழகிய உனக்கு முதல் நாள் எரிச்சலாகத்தான் இருக்கும்.

வாங்கியது மேரிலேண்ட் 37. பிரான்சின் ஃபூன்டேன் பாஜோ கட்டியது. சுமார் 11 மீட்டர் நீளம், ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் அகலம், ஹல்லுக்கு ஒன்றாக இரண்டு யான்மார் டீசல் எஞ்சின். நல்லதும் செலவும் எல்லாமே அந்த அகலத்திலிருந்துதான் வருகின்றன. வாங்குவதற்கு முன் நூறு பேர் எனக்கு எஞ்சின் மணிக்கணக்கைப் பற்றிச் சொன்னார்கள், அகலத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இதற்கு முன்னால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். விட்சண்டே தீவுகள் பக்கம் வாடகைக்கு ஓடிய படகு. சுற்றுலா வருகிறவர்களிடம் சாவியைக் கொடுத்துவிடுவார்கள், அவர்களே ஓட்டுவார்கள். அப்படிச் சில வருஷம் ஓடியபின் கம்பெனி கழித்துவிடும், விலை மலிவாக இருக்கும். பார்க்கப் பளபளவென்று புதுசு மாதிரி இருந்தது. படகைப் பரிசோதிக்க நான் அமர்த்திய சர்வேயர் கேட்ட முதல் கேள்வி, "2017 மார்ச் 28 அன்று இந்தப் படகு எங்கே இருந்தது?" அன்றைக்குத்தான் டெபி புயல் ஏர்லி பீச் அருகே கரையைக் கடந்தது. அந்த வட்டாரத்தில் அடிபட்ட படகுகள் ஏராளம். நன்றாகப் பழுதுபார்த்தவையும் உண்டு, பெயிண்ட் அடித்து மூடியவையும் உண்டு. தரகர் "கொஞ்சம் ஜெல்கோட் (ஃபைபரின் மேல்பூச்சு) வேலை, அவ்வளவுதான்" என்றார். சர்வேயர் சின்ன சுத்தியலை எடுத்து ஹல்லின் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டே நடந்தார். டக் டக் டக் என்று வந்துகொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் தொப் என்று செத்துவிட்டது. இந்தப் படகுகளுக்கு ஃபைபர் தோல் இரண்டு, நடுவில் நுரையோ பால்சா மரமோ. ஒரு தோல் விட்டுப்போய், போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால் நடுவில் இருப்பது ஊறி, பிரிந்து, மரமாயிருந்தால் மக்கியும் போகும். வெளியே எதுவும் தெரியாது. ஈரம் பார்க்கும் மீட்டரும் அங்கேயே எகிறியது. விட்டுவிட்டு வந்தோம். சர்வே, படகைத் தூக்கிய கூலி இரண்டும் வாங்கப் போகிறவன் தலையில்தான். அந்தக் காசு போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

இப்போதையது பிரிஸ்பேனிலேயே கிடைத்தது. விலையில் பத்து சதவீதம் முன்பணம், சர்வேயும் கடல் ஓட்டமும் திருப்தியாக இருந்தால்தான் வியாபாரம் என்று எழுத்தில் ஒரு நிபந்தனை. இந்த ஊரில் பிபிஎஸ்ஆர் என்று ஒரு பதிவேடு இருக்கிறது. ஹல்லில் பொறித்திருக்கும் எண்ணைப் போட்டு இரண்டு டாலர் கட்டினால், அந்தப் படகின்மேல் எவனுக்காவது கடன் பாக்கி பதிவாகி இருக்கிறதா என்று சொல்லிவிடும். பார்க்காமல் வாங்கிவிட்டால் பழைய சொந்தக்காரனின் கடனுக்காக வங்கி உன் படகை இழுத்துக்கொண்டு போகலாம். பழைய கார் வாங்கினாலும் இதே பதிவேடுதான்.

கடல் ஓட்டத்தில்தான் உன் ஞாபகம் வந்தது. சர்வேயர் இரண்டு எஞ்சினையும் முழு த்ராட்டிலில் வைக்கச் சொன்னார். விற்கிறவர் முகம் சுருங்கியது, "இவ்வளவு வேகத்தில் நாங்கள் போனதே இல்லையே" என்றார். அதனால்தானே வைக்கச் சொல்கிறது! போர்ட் (இடப்பக்க) எஞ்சின் யான்மார் சொன்ன சுற்றைத் தொட்டது. ஸ்டார்போர்டு (வலப்பக்கம்) 200 சுற்று குறைவாகவே நின்று, கருப்பாகப் புகைந்தது. புகைபோக்கியின் வளைகுழாயான எக்ஸாஸ்ட் எல்போவைக் கழற்றினால் உள்ளே கார்பன் படிந்து விரல் நுழையாத சந்தாக இருந்தது. சூடான புகையும் கடல் தண்ணீரும் கலக்கிற இடம், அரிக்காமல் என்ன செய்யும்? அடைப்பைவிட ஓட்டை விழுவதுதான் ஆபத்து, தண்ணீர் திரும்பி சிலிண்டருக்குள் போய்விடும். இரண்டு எல்போவும் புதுசு, எஞ்சினைக் குளிர்விக்கும் இரண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரும் சுத்தம் என்று கணக்குப் போட்டு விலையைக் குறைத்துக்கொண்டேன். மணிக்கணக்கு குறைவாகக் காட்டும் எஞ்சினைக் கண்டு மயங்குகிறவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். சும்மா கிடந்து துருப்பிடித்த எஞ்சினைவிட, எண்ணெய் மாற்றிய ரசீதோடு ஓடித் தேய்ந்த எஞ்சின் எவ்வளவோ மேல். இதை நீ எனக்கு கல்லூரி நாளிலேயே புல்லட் விஷயத்தில் சொல்லியிருக்கிறாய்.

இப்போது செலவு. எனக்கு மரீனாவில் ஒற்றை ஹல் படகுக்கான பெர்த் (படகைக் கட்டும் இடம்) உதவாது, அகலம் நுழையாது. கேட்டமரனுக்குப் பல இடங்களில் ஒன்றரை மடங்கு வாடகை. அதுவும் காலியாக இருந்தால்தான். படகை வாங்குமுன் பெர்த்தை உறுதிசெய்ய வேண்டும் என்று எனக்கு வலியுறுத்தியவர் சர்வேயர், தரகரில்லை. அடியில் பெயிண்ட் அடிக்கத் தூக்க வேண்டுமானால், கண்ட யார்டிலும் முடியாது. லிஃப்டின் இரண்டு கால்களுக்கு நடுவே ஐந்து மீட்டருக்கு மேல் வேண்டுமே. நான் கூமேரா ஆற்றங்கரைக்குப் போகிறேன், அங்கே பெரிய யார்டுகள் இருக்கின்றன. ஆன்டிஃபௌலிங் (பாசி பிடிக்காத அடிப்பூச்சு), ஆனோடு (மற்ற உலோகத்துக்குப் பதிலாக அரிபடும் துண்டு), இம்பெல்லர் (தண்ணீர் பம்பின் சக்கரம்), ஃபில்டர் எதை வாங்கினாலும் இரண்டு செட். கழிவறைக் குழாய் அடைத்தால் மட்டும் ஒன்று. அதைப் பற்றி எழுதி உன் சாப்பாட்டைக் கெடுக்கவில்லை.

டீசலில் மட்டும் கை கடிக்காது, அவசரப்படாமல் இருந்தால். ஒல்லியான ஹல் என்பதால் அலையைக் கிளப்பி வீணடிக்கும் சக்தி குறைவு. ஏழெட்டு நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வேகத்தில் போனால் இரண்டு எஞ்சினும் சேர்ந்து மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான். பதினைந்துக்குத் தள்ளினால் நாற்பதைத் தாண்டுகிறது. ஆனால் அதே ஒல்லி ஹல் பாரம் தாங்காது. ஒரு சென்டிமீட்டர் அமிழ எத்தனை டன் வேண்டும் என்கிற டிபிசி கணக்கு உனக்கு அத்துப்படி: இதற்கு ஒரு டன் ஏற்றினால் ஐந்தாறு சென்டிமீட்டர் அமிழும். இடம் தாராளமாக இருக்கிறதே என்று ஆட்கள் வாஷிங் மெஷின் வரைக்கும் ஏற்றிவிடுகிறார்கள். வேகம் போகும், டீசல் குடிக்கும், நடு டெக்குக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி குறைந்து எதிரலை அடியிலிருந்து இடிக்கும். பிரிஸ்பேனை ஒட்டிய மோர்ட்டன் பே விரிகுடாவில் தென்கிழக்குக் காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக நின்றால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். அப்போது அந்த இடி படிக்கல்லில் அம்மியைப் போட்டது மாதிரி கேட்கும். முதல்முறை லலிதா எழுந்து தரையைப் பார்த்தாள். இப்போது "பாத்திரத்தை எடுத்துக் கீழே வை" என்பதோடு சரி. நான் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன சாமானில் பாதியைக் கழித்துவிட்டேன்.

2025 மார்ச்சில் ஆல்ஃப்ரெட் புயல் வந்தபோது நீ ஃபோன் செய்தாயே, அப்போது நான் மரீனாவில்தான் இருந்தேன், உன்னிடம் வீட்டில் என்று சொன்னேன். நாள்கணக்கில் கடலில் ஊர்ந்துவிட்டு 8ஆம் தேதி பிரைபி தீவு வழியாக வலுவிழந்து உள்ளே வந்தது. இந்த உயரத்துக்கும் அகலத்துக்கும் காற்று பிடிப்பது கொஞ்சமில்லை. மேலே இருந்த கேன்வாஸ், பிளாஸ்டிக் திரை எல்லாவற்றையும் அவிழ்த்து, கயிறுகளை இரட்டித்து, உராயும் இடத்திலெல்லாம் பழைய தீயணைப்புக் குழாயை வெட்டிச் சுற்றினோம். படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் அடுத்த வருஷப் படிவத்தில் புயல் திட்டம் என்ன என்று எழுதித் தரச் சொன்னார்கள். அதற்குமுன் அப்படி ஒரு கேள்வியே கிடையாது.

இத்தனைக்கும் பிறகு ஏன் வைத்திருக்கிறேன் என்றால், மரீனாவுக்குள் ஒரு எஞ்சினை முன்னே, ஒன்றைப் பின்னே போட்டு, ஸ்டீயரிங்கைத் தொடாமல் நின்ற இடத்திலேயே படகைத் திருப்புவதற்காக என்று வைத்துக்கொள். இரண்டு ப்ரொப்பெல்லரும் அவ்வளவு தள்ளி இருப்பதால் வருகிற வித்தை அது. காற்றில்லாத நாளில் பார்த்தால் நானே கெட்டிக்காரன் மாதிரி தெரியும். பிறகு ஆழம். ஒரு மீட்டர்போல இருந்தால் போதும். மோர்ட்டன் பே முழுக்க மணல்திட்டு, மற்றவர்கள் தள்ளி நிற்கிற இடத்தில் நாங்கள் கரையை ஒட்டி நங்கூரம் போடுவோம். கோடையில் வடகாற்று அடித்தால் பீல் தீவின் தெற்கே ஹார்ஸ்ஷூ பே. 1907 முதல் 1959 வரை தொழுநோயாளிகளைக் கொண்டுவந்து அடைத்து வைத்த தீவு அது. லலிதா அங்கே அடுப்பில் தோசைக்கல்லை வைத்து, கல் நகராமல் தோசை வார்க்கிறாள். எலுமிச்சம்பழம் இப்போது ஊறுகாய்க்கு மட்டும்தான்.

ஒரு உதவி வேண்டும். இரண்டு எஞ்சின் எண்ணெயையும் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தேன், ரிப்போர்ட்டை இத்தோடு இணைத்திருக்கிறேன். போர்ட் எஞ்சினில் சோடியம் போன தடவையைவிட ஏறியிருக்கிறது, பொட்டாசியம் அப்படியே இருக்கிறது. மெக்கானிக் கூலண்ட் கசிவு என்கிறார், சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற நாள் கேட்கிறார். கூலண்டாக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஏற வேண்டாமா? மெக்னீசியத்தையும் ஒரு பார்வை பார், கடல்தண்ணீரில் அதுவும் உண்டே. கடல்தண்ணீர் என்றால் நான் முதலில் ஆயில் கூலரைத்தான் சந்தேகிப்பேன். ஹெட்டில் கைவைக்க விடுவதற்குள் உன் பதில் வந்துவிட்டால் நல்லது. அவரிடம் அடுத்த வாரம் சொல்கிறேன் என்று இழுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சந்திரன்