ஜனவரி ஒன்றாம் தேதிப் பட்டியல்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. கண்புரை ஆபரேஷன் முடிந்து பத்து நாள் எழுதப் படிக்கக் கூடாது என்று மருமகள் பேனாவையே ஒளித்து வைத்துவிட்டாள். இப்போது பரவாயில்லை.

“இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டை மடியில் வைத்துக்கொண்டு முறைக்கின்றனவே, தடுக்க என்னதான் இருக்கிறது?” என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் கல்பாக்கம் அணு நிலையத்தில் வேலை பார்த்தவன் நீ, என்னைக் கேட்கிறாய்!

எனக்கு நம்பிக்கை தருவது ஒரு காகிதம்தான். ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நேரத்தில் அது கைமாறுகிறது. அவரவர் அணு நிலையங்கள் எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகையில் இருக்கின்றன என்ற பட்டியல். இவற்றைத் தாக்க மாட்டோம் என்று அப்போதைய பிரதமர்கள் ராஜீவ் காந்தியும் பெனாசிர் பூட்டோவும் சந்தித்தபோது, 1988 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் ஆனது. முதல் பட்டியல் 1992இல். கார்கிலுக்குப் பிறகும் நிற்கவில்லை. மும்பைத் தாக்குதல் நடந்து ஐந்தே வாரத்திலும் கொடுத்து வாங்கினார்கள். கிரிக்கெட்டைக்கூட நிறுத்தினார்கள், இதை நிறுத்தவில்லை! பட்டியலை வெளியே காட்ட மாட்டார்கள். ஆனாலும் உன் பழைய ஆபீஸ் அதில் இல்லாமலா இருக்கும்?

சரி, அது அணு நிலையங்களுக்கு மட்டும்தான், ஊர்களுக்கு இல்லை என்பாய். உண்மைதான். அதைவிட எனக்குப் பயம் கைதவறுதலில். 2022 மார்ச் 9 அன்று நம் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறிக் கிளம்பி, பாகிஸ்தானில் மியான் சன்னு பக்கம் போய் விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. தவறுதலாகப் போய்விட்டது என்று நம் அரசு அறிவித்தது 11ஆம் தேதி. இரண்டு நாள்! அந்தப் பக்கம் ஓர் அவசரக்காரன் பொறுப்பில் இருந்திருந்தால்?

மேலே எகிறி வளைந்து வந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணையைச் சோதிப்பதானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று 2005இல் ஒப்பந்தம் போட்டார்கள். பிரமோஸ் போன்ற, விமானம்போலப் பறந்து போகும் க்ரூஸ் ஏவுகணைகள் அதில் வராது. அதையும் சேர்த்து, தவறு நடந்தால் அரைமணிக்குள் ஹாட்லைனில் சொல்லியாக வேண்டும் என்று ஒரு வரி எழுத என்ன கஷ்டம்? பெரிய ஆயுத ஒழிப்பெல்லாம் நம் காலத்தில் நடக்காது, இது நடக்கலாம்.

அப்புறம், முழங்கால் எப்படி இருக்கிறது? பொங்கலுக்குக் கட்டாயம் வா. நீ மறுத்துப் பேச வைத்திருப்பதை எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

அன்புடன்,
ராமு