தூசு உருண்டை அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சகாரா பாலைவனத் தூசு அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் அமேசான் காட்டுக்கு உரமாவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். நல்ல கட்டுரை. ஆனால் கூடவே போட்டிருந்த படத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆரஞ்சு நிறத்தில், வழவழவென்று, ஒரே அளவில் உருண்டை உருண்டையாகத் துகள்கள். பாலைவனத் தூசு அப்படி இருக்காது. படம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. காரணம் உங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது.

செடிகளுக்கு உரமாகும் பாஸ்பரஸ், தூசோடு சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் அமேசானில் போய் விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆய்வாளர் ஹாங்பின் யூவும் குழுவினரும் 2015-ல் வெளியிட்ட கணக்கு அது. கலிப்சோ செயற்கைக்கோள் 2007 முதல் 2013 வரை அளந்ததை வைத்துப் போட்டது. கலிப்சோ மேலிருந்து லேசர் ஒளியைக் கீழே பாய்ச்சியது. அந்த ஒளி ஒரே தளத்தில் அதிரும். உருண்டையான துளியில் பட்டால் அதே தளத்தில் அதிர்ந்தபடியே திரும்பி வரும். கோணல்மாணலான துகளில் பட்டால் அதிர்வுத் தளம் கலைந்து வரும். எவ்வளவு கலைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் தூசைக் கடல் உப்புத் துளியிலிருந்தும் புகையிலிருந்தும் பிரித்தார்கள். உங்கள் படத்தில் உள்ளதுபோல் தூசு உருண்டையாக இருந்திருந்தால் இந்தக் கணக்கை இப்படிப் போட்டிருக்கவே முடியாது.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிவது வேறு உலகம். குவார்ட்ஸ் என்ற மணல் கனிமம், உடைந்த ஓட்டுச் சில்லு மாதிரி முனை முனையாக நிற்கும். களிமண் கனிமங்கள் தகடு தகடாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருக்கும். சாட் நாட்டின் பொடேலே பள்ளத்திலிருந்து கிளம்பும் தூசில் டயாட்டம் என்ற நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் கிடக்கும். ஓட்டில் நுணுக்கமான துளைகள் வரிசை வரிசையாக ஓடும். அந்தப் பள்ளம் முன்பு பெரிய ஏரியாக இருந்து வற்றிப்போன இடம். 1832 ஜனவரியில், கேப் வெர்டே தீவுகளை நெருங்கும்போது பீகிள் கப்பலின் பாய்மர உச்சியில் படிந்த தூசை டார்வின் பொட்டலம் கட்டி வைத்தார். அவர் அனுப்பிய ஐந்து பொட்டலங்களில் 67 வகை உயிரின வடிவங்களை ஜெர்மனியின் நுண்ணுயிர் ஆய்வாளர் எஹ்ரன்பெர்க் கண்டார். நடுக்கடலில் பிடித்த தூசு. உள்ளே இருந்த நுண்ணுயிர்களோ இரண்டைத் தவிர எல்லாம் நன்னீரில் வாழ்பவை! இந்த ஒரு விஷயத்துக்காகவே தனிக் கட்டுரை போடலாம்.

சரி, வடிவத்தால் வேறு என்ன ஆகிவிடும்? துகள் விழும் வேகம் மாறும். உலகின் பல பகுதிகளில் எடுத்த அளவுகளைத் திரட்டி ஆய்வாளர் ஜாஸ்பர் காக்கின் குழு 2020-ல் சொன்னது: தூசித் துகளின் நீளம் அதன் உயரத்தைப்போல் சராசரியாக ஐந்து மடங்கு. தட்டையானது மெதுவாகத்தான் இறங்கும், அதனால் கூடுதல் தூரம் போகும். காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் பலவும் தூசை உருண்டையாகவே வைத்துக் கணக்குப் போட்டுவந்தன. மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 2,400, 3,500 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்கில் தூசு பிடித்தபோது, 450 மைக்ரான் வரை பெரிய துகள்கள் சிக்கின. கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர்! இதற்கு வடிவம் மட்டும் போதாது. பலத்த காற்று, இடிமேகங்களின் மேலிழுப்பு, மின்னேற்றம் எல்லாம் சேர்ந்திருக்கலாம் என்கிறார்கள்.

அந்த ஆரஞ்சு நிறமும் எனக்கு உறுத்தியது. எல்லாத் தூசும் ஒரு நிறமல்ல. செம்மை தருவது ஹெமடைட் போன்ற இரும்பு ஆக்சைடு; அது வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கும். டயாட்டம் தூசு வெளுப்பு. வெயிலைத் திருப்பி அனுப்பும். எந்தப் பாலையில் எந்தக் கனிமம் இருக்கிறது என்று பார்க்கத்தான் நாசா 2022 ஜூலையில் எமிட் என்ற கருவியைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது. நான் இருக்கும் குவைத்தில் தூசுப்புயல் ஓய்ந்ததும் ஜன்னல் விளிம்பில் படிவது பழுப்பு வெள்ளைப் பொடி. வழித்தெடுத்து ஒரு சொட்டு வினிகர் விட்டால் பொசுபொசுவென்று நுரைக்கும். அதில் கால்சைட், அதாவது சுண்ணாம்புக் கனிமம் அவ்வளவு இருக்கிறது. இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினால் மறுபடி மறுபடி கேட்கிறார்கள்.

உங்கள் இதழைப் பிள்ளைகள் படத்துக்காகவே முதலில் புரட்டுகிறார்கள். அவர்கள் மனதில் ஆரஞ்சு உருண்டை பதிந்துவிட்டால் அப்புறம் மாற்றுவது கஷ்டம். அடுத்த இதழில் நுண்ணோக்கியில் எடுத்த உண்மையான தூசுப் படம் ஒன்றை, சிறியதாக இருந்தாலும் சரி, வெளியிடுங்கள். பொடேலேத் தூசில் ஒரு டயாட்டம் ஓடு தெரிகிற மாதிரி கிடைத்தால் இன்னும் நல்லது. எத்தனை மைக்ரான் என்று காட்டும் அளவுகோலையும் படத்தின் ஓரத்தில் வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குவைத்