‘அவன்’ என்ற சொல்லில் தொடங்கிய சண்டை

கொழிஞ்சாம்பாறை,
ஆடி 12

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே ஆடிக்காற்று. கணவாய் வழியாக வந்து ராத்திரி முழுக்கப் பனையோலைகளை உலுக்கிக்கொண்டே இருக்கிறது. மழை மட்டும் பாலக்காட்டோடு நின்றுவிடுகிறது.

உன் புராஜெக்டில் இரண்டு பேர் ஒரு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை, யார் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். இரண்டு நாளாக எனக்கு அதே நினைப்பு. போன வருஷம் நானும் அதே இடத்தில்தான் நின்றேன். அப்போது உன்னிடம் சொல்ல மனம் வரவில்லை.

எங்கள் சின்ன மென்பொருளைப் பற்றி உனக்குத் தெரியும். பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், மலையாளக் கோப்புகளை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றுவது. மொத்தமே ஐந்து பேர்தான். சண்டை ‘அவன்’ என்ற சொல்லில் தொடங்கியது. தமிழிலும் மலையாளத்திலும் ஒரே சொல், ஒரே பொருள். நமக்கு ‘ன’ மேல் புள்ளி வைத்தால் முடிந்தது. மலையாளத்தில் அந்தக் கடைசி எழுத்து ஒரு சில்லு, அதாவது புள்ளி வைக்காமலே மெய்யாக நிற்கிற தனி வடிவம். முன்பெல்லாம் அதை மெய்க்கான எழுத்து, நம் புள்ளி போன்ற சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி என்று மூன்றாகச் சேர்த்து எழுத வேண்டும். 2008-இல் வந்த யூனிகோடு 5.1 சில்லுகளுக்குத் தனிக் குறியெண்களைக் கொடுத்தது. ஆனால் பழையதும் புதியதும் ஒன்றுதான் என்று அது சொல்லவில்லை. அதனால் திரையில் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரிகிற இரண்டு ‘அவன்’ கணினிக்கு வேறு வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது.

எங்களோடு நெம்மாறையிலிருந்து ஒரு மாஷ் (வாத்தியார்) இருக்கிறார். பள்ளியில் ஓய்வு பெற்றபின் ஊர் நூலகமான வாயனசாலையின் புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருப்பவர். பழைய வடிவத்தைக் குலைக்காமல் காக்கும் நிரலை மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினார். இன்னொருவன் பொள்ளாச்சித் தம்பி, படு வேகக்காரன். எல்லாமே புதுச் சில்லாகத்தான் வர வேண்டும் என்பது அவன் கட்சி. மாஷ் தனியாக எழுதி வைத்திருந்த கிளையிலிருந்து வேண்டியதை எடுத்து, திருத்தி, தன் பெயரில் ஒரே கமிட்டாக, அதாவது ஒரே மாற்றப் பதிவாக, அனுப்பினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதைப் பொது நிரலோடு மெர்ஜ் செய்தவன் நான். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகியிருந்தது. வேறெதையும் பார்க்கவில்லை. அது என் தப்பு.

மறுநாள் காலை மாஷ் ஒரே வரி எழுதியிருந்தார்: “என் வேலை இங்கே தேவைப்படவில்லை என்று புரிகிறது.” அப்புறம் மூன்று வாரம் சில்லுச் சண்டை. இவர் ஒரு ஆவணத்தைக் காட்டுவார், அவன் இன்னொன்றைக் காட்டுவான். நானும் நடுவில் புகுந்து தொழில்நுட்பமாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் தம்பி, நிரலைப் பிரதி எடுத்துத் தனியாக ஃபோர்க் செய்துகொள்கிறேன் என்றான்.

பிரிவதே குற்றம் என்று நான் நினைக்கவில்லை. 1997-இல் ஜிசிசி என்ற கம்பைலரிலிருந்து பிரிந்த ஈஜிசிஎஸ், 1999-இல் அதுவே ஜிசிசி ஆகிவிட்டது. 2014 டிசம்பரில் நோட் ஜேஎஸ் என்ற மென்பொருளிலிருந்து பிரிந்த ஐஓ ஜேஎஸ் அடுத்த வருஷமே திரும்பி வந்து சேர்ந்தது. அங்கெல்லாம் இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. ஐந்து பேர் பிரிந்தால் இரண்டு பக்கமும் விளக்கேற்ற ஆள் இருக்காது.

அன்று சாயங்காலம் மாஷுக்குப் போன் செய்தேன். பத்து நிமிஷம் பேசினார், சில்லு என்ற சொல்லே வரவில்லை. “அந்த வரிகள்ல என் பேரு இல்லியே, மோனே” என்றார். போனை வைத்துவிட்டு இரண்டு கிளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நூற்று நாற்பது வரி அவருடையது. ஒரு குறிப்பில் அவர் விட்டிருந்த எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. எழுதியவர் யார், சேர்த்தவர் யார் என்று, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ஜிட் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. அந்த இரண்டு இடத்திலும் மாஷ் இல்லை.

தம்பியிடம் சொன்னபோது அவன் ஆடிப்போய்விட்டான். “எல்லாம் ஒரே புராஜெக்ட்தானேன்னு நெனச்சேனுங்கண்ணா” என்றான். பொய்யில்லை, அவன் அப்படித்தான் நினைத்திருக்கிறான். அன்றைக்கே அந்த மெர்ஜை ரிவர்ட் செய்து விலக்கினேன். மாஷின் கமிட்டுகளை அவர் பெயரிலேயே சேர்த்து, அதற்கு மேல் தம்பி செய்த திருத்தங்களை அவன் பெயரில் வைத்தேன். சில்லுப் பேச்சை அதன் பிறகுதான் எடுத்தேன். இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதே, மாப்ளே.

அப்புறம் மூவரும் கோவிந்தாபுரத்தில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள், அவர் ‘ஆமாம்’ என்கிற வரை சொல்லுங்கள் என்று கேட்டேன். சரியாகச் சொல்ல மாஷுக்கு இரண்டு தடவை ஆயிற்று, தம்பிக்கு நாலு தடவை. மாஷின் கவலை வாயனசாலையின் பழைய பதிவுகள். வடிவம் மாறினால் பட்டியலில் அவை தொலைந்துபோகும். தம்பியின் கவலை, போனில் புதுச் சில்லு அடித்துத் தேடுகிறவர்கள். டீ ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. இரண்டு வடிவத்தையும் படிப்போம், புதியதில் எழுதுவோம், பழையதை அப்படியே வைக்கக் கேட்டால் வைப்போம், தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கொள்வோம்.

இப்போது தகராறுக்குரிய சொற்களுக்கென்றே ஒரு டெஸ்ட் கோப்பு இருக்கிறது. வாதாட வருகிறவர் முதலில் தன் சொல்லை அதில் போட வேண்டும். எங்கள் ஊர்த் தண்ணீர்ப் பேச்சு உனக்கு நினைவிருக்கும். 1970-இல் போட்ட பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டிஎம்சி கேரளத்துச் சித்தூர்ப் பக்கத்துக்கு வர வேண்டும், அளப்பது மணக்கடவில். மனக்குறை இரண்டு பக்கமும் உண்டு. ஆனாலும் அப்பா எப்போதும் முதலில் கேட்பது, “மணக்கடவில் எவ்வளவு?” அந்தக் கோப்புக்கு நாங்கள் மணக்கடவு என்றே பெயர் வைத்துவிட்டோம்.

மாஷும் தம்பியும் உறவாடுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். மாஷ் இன்னும் சுருக்கமாகத்தான் பதில் எழுதுகிறார். ஆனால் போன வாரம் தம்பி அனுப்பிய மாற்றத்தை முதலில் படித்துப் பார்த்தவர் அவர்தான்.

நீ யார் பக்கமும் நிற்பதற்கு முன், அந்த இருவரும் பேச்சை நிறுத்திய நாளுக்கு முந்தைய வாரத்து ஜிட் லாகை எடுத்துப் பார். பார்த்துவிட்டு எனக்கும் அனுப்பு. ஓணத்துக்கு இந்தப் பக்கம் வருவாயல்லவா? அப்பா உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்