முதலில் ஒரு பாடவேளை கொடுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளி முதல்வர் அவர்களுக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். அறிவியல் கண்காட்சிச் சுற்றறிக்கை வந்ததிலிருந்து பெற்றோரின் வாட்ஸ்அப் குழு எப்படிக் கொதிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். காட்சிப் பலகையின் அளவு, எழுத்தின் அளவு, கொண்டுவர வேண்டிய தேதி எல்லாம் அதில் இருந்தன. பத்து வயதுப் பிள்ளை எங்கிருந்து தொடங்குவது என்பது மட்டும் இல்லை.

தொடக்கநிலை 4 படிக்கும் என் மகளுக்குச் சொந்தமாக ஒரு கேள்வி இருந்தது. பாட்டி போடும் அரிசிமாவுக் கோலத்துக்கு எறும்பு வருகிறது. கடையில் வாங்கும் கோலப்பொடிக்கும் வருமா? இதைச் சோதிக்கக் காசே வேண்டாம். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு நடைபாதையின் ஒரே ஓரத்தில், ஒரே நேரத்தில், இரண்டையும் ஒரே அளவு வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எறும்புகளை எண்ணி எழுத வேண்டும். மறுநாள் இரண்டையும் இடம் மாற்றி வைத்து மீண்டும் எண்ண வேண்டும். மாறுவது மாவு மட்டும், மற்றதெல்லாம் அப்படியே. வகுப்பில் நீங்கள் சொல்லித்தரும் ஃபேர் டெஸ்ட் இதுதானே?

பள்ளி கொடுத்த தலைப்புப் பட்டியலில் இல்லை என்று அந்தக் கேள்வி திரும்பி வந்துவிட்டது. பட்டியலில் இருந்தவை எரிமலை, சூரிய மண்டலம், நீர் வடிகட்டி. சரி என்று எரிமலைப் பெட்டி வாங்கிக் கொடுத்தோம். வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்தால் கரியமில வாயு பொங்கும் என்பது பெட்டியிலேயே அச்சாகியிருந்தது. "அம்மா, இதுல நான் என்ன கண்டுபிடிக்கணும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு பாடவேளை. பலகையைக் கேட்பதற்கு முன், பிள்ளைகள் தங்கள் கேள்வியை ஆசிரியரோடு உட்கார்ந்து சோதிக்கக்கூடிய கேள்வியாக மாற்றிக்கொள்ள ஒரு பாடவேளை. எதை மாற்றுவது, எதை அளப்பது, எத்தனை முறை செய்து பார்ப்பது என்று அங்கேயே எழுதிக்கொண்டால், மீதியை அவர்களே செய்வார்கள்.

நேரமில்லை என்பீர்கள். 2023க்குள் சிங்கப்பூரின் எல்லாத் தொடக்கநிலை வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வு நீக்கப்பட்டது, பிள்ளைகள் ஆர்வத்தோடு கற்க நேரம் கிடைக்க வேண்டும் என்றுதான். அந்த நேரம் எங்கே போனது? துணைப்பாடத்துக்கும் பயிற்சித்தாளுக்கும் போய்விட்டது. இதில் எங்கள் பங்கும் உண்டு, நாங்களும்தான் போட்டி போடுகிறோம். ஆனால் இரவு ஷிப்ட் முடித்து வரும் பெற்றோர் பலகை வெட்டி ஒட்ட எங்கே போவார்கள்? அவர்கள் பிள்ளையின் கோணல் எழுத்துப் பலகை, பெரியவர் கைபட்ட பலகைகளுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பிள்ளை தலைகுனிகிறதே, அதை நீங்கள் பார்த்ததில்லையா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வழி தெரியாத ஊரில் நாம் இல்லை. ஜூரோங் ஈஸ்ட் அறிவியல் நிலையத்தின் யங் சயின்டிஸ்ட் பேட்ஜ் (இளம் அறிவியலாளர் பேட்ஜ்) திட்டத்தில், பேட்ஜ் பெறப் பிள்ளைகள் செய்ய வேண்டியதைச் சின்னச் சின்னச் செயல்களாகப் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். பிள்ளை தனக்குப் பிடித்ததில் தொடங்கலாம். அதேபோல, தலைப்புப் பட்டியலை எடுத்துவிட்டு, "உன் கேள்வி என்ன?" என்று ஒரு வரியை மட்டும் படிவத்தில் வையுங்கள்.

அடுத்த தவணை தொடங்கும் முன் அந்த ஒரு பாடவேளையை அட்டவணையில் சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உதவிக்கு ஆள் வேண்டுமானால் பெற்றோர் ஆதரவுக் குழுவிலிருந்து நாங்கள் சிலர் வரத் தயார்.

இப்படிக்கு,
தொடக்கநிலை 4 மாணவியின் தாய்