இல்லை என்று வந்த விடை

வெள்ளவத்தை,
வியாழன் மத்தியானம்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கதைத்தது இன்னும் காதுக்குள் நிற்கிறது. சஞ்சிகைக்காரர் உன் ஆய்வுக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், மூன்று வருட வேலைக்குக் கடைசியில் "வித்தியாசம் இல்லை" என்பதுதான் விடை, இனி ஆராய்ச்சியை விட்டுவிட்டு வாட்டும் கிளினிக்குமாக இருந்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாய். நான் வாயைத் திறக்க முதலே "சரி அம்மா, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிட்டாய். அதுதான் இந்தக் கடிதம். இதை நடுவில் வெட்ட முடியாது, பார்.

இன்று காலை எனக்குக் கிளினிக். வழக்கம்போல ஐந்தரைக்கே காலி வீதியில் பஸ் பிடித்துப் போயும் என் நம்பர் 41. பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா. இரவு பஸ்ஸில் வந்திருந்தா. மடியில் பொலித்தீன் பைக்குள் ஃபைல், அதற்கு மேல் ஒரு சோற்றுப் பார்சல். அவவுக்கும் என்னைப் போலவே இதயத்தில் செயற்கை வால்வு. இரத்தம் குத்தி முடிந்து பஞ்சை அழுத்திக்கொண்டு இருக்கும்போது என்னிடம் கேட்டா, "வெளிநாட்டில் இரத்தம் பார்க்கத் தேவையில்லாத குளிசை இருக்கிறதாமே, அதை ஏன் எங்களுக்குத் தருகிறார்கள் இல்லை?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் இதே கேள்வியைக் கேட்டவள்தானே.

உனக்கு நினைவிருக்கும். அப்போது நீ இங்கே மருத்துவ பீடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். கனடாவிலிருந்து சித்தப்பா எழுதியிருந்தார், "அண்ணி, இங்கே புதுக் குளிசை வந்துவிட்டது, மாதாமாதம் கிளினிக்குக்கு அலையத் தேவையில்லை, கீரையும் விருப்பம்போலச் சாப்பிடலாம்" என்று. வல்லாரைச் சம்பலை இன்றைக்கு ஒரு கரண்டி, நாளைக்கும் அதே ஒரு கரண்டி என்று அளந்து சாப்பிடுகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி! அடுத்த கிளினிக்கில் கேட்டேன். வைத்தியர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார், "உங்களுடைய வால்வுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதியில் நிறுத்திவிட்டார்கள்." அவ்வளவுதான். மறுபடியும் அதே பழைய குளிசையை, இரத்தம் கட்டியாகாமல் இருக்கப் போடுகிற வார்ஃபரினை, எழுதித் தந்துவிட்டார்.

எனக்குக் கோபம். அன்றிரவு நீ அந்தக் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு வந்து குசினி மேசையில் வைத்தாய். 2013 இல் வெளிவந்தது. டாபிகாட்ரான் என்ற அந்தக் குளிசையைச் செயற்கை வால்வு வைத்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு. ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. ஆனால் நான் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள், அட்டவணையை வாசிக்க எனக்கு ஆங்கிலம் தேவையில்லை. மொத்தம் 252 பேர். புதுக் குளிசை 168 பேருக்கு, வார்ஃபரின் 84 பேருக்கு. பக்கவாதம் வந்தது புதுக் குளிசைப் பக்கத்தில் 9 பேருக்கு. வார்ஃபரின் பக்கத்தில் ஒருவருக்கும் இல்லை. இரத்தம் கட்டியாகாமல் இருக்கத்தான் அந்தக் குளிசை, அதுவே சரியாக வேலை செய்யவில்லை. போதாததற்கு இரத்தக்கசிவும் அந்தப் பக்கத்தில்தான் கூட. பென்சிலால் அந்த 9 ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். கார்பன் வால்வில் இரத்தம் பட்டுக்கொண்டே இருப்பதால் கட்டிபடுகிற வேலை பல வழியால் தொடங்கும், புதுக் குளிசை ஒரு வழியை மட்டும் அடைக்கும், வார்ஃபரின் பலதையும் சேர்த்துக் குறைக்கும் என்று நீ சொதிக் கரண்டியை வைத்து எனக்கு விளங்கப்படுத்தினாய்.

சித்தப்பா சொன்னதைக் கேட்டு நான் பாமசியில் வாங்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த 9 பேரும், அந்த ஆய்வில் கையெழுத்துப் போட்ட மற்றவர்களும் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த ஆய்வைத் தொடங்கியவர்கள் இந்த விடைக்காகத் தொடங்கியிருக்க மாட்டார்கள். ஆனாலும் மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். இன்றைக்கு இந்த மேசையில் இருந்து உனக்கு எழுதுகிறேன் என்றால் அதற்கு அந்த "சரிவராது" என்ற விடையும் ஒரு காரணம்.

காலையில் அந்த அம்மாவுக்கும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இதைத்தான் சொன்னேன். 168, 84, 9, 0 என்று அவவுடைய கிளினிக் துண்டின் பின்பக்கத்தில் எழுதியும் காட்டினேன். வாத்தியார் பழக்கம் போகாது.

உன் இதய வைத்தியத் துறைக் கதைகளையும் நீதான் எனக்குச் சொன்னாய், இப்போது நீயே மறந்துவிட்டாய் போல. ஸூரிச்சில் குருன்ட்சிக் என்பவர் 1977 இல் முதன்முதலாக ஒருவருடைய இதயக் குழாய் அடைப்பைப் பலூனால் விரித்தார். பிறகு ஸ்டென்ட் வந்தது, விரித்த குழாய் திரும்ப மூடாமல் உள்ளே வைக்கிற சின்ன வலைக்குழாய். நாற்பது வருடமாக உலகம் முழுக்கச் செய்தார்கள். 2017 இல் லண்டனில் சிலர் 200 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்து, மற்றவர்களுக்கு வைத்த மாதிரி மட்டும் செய்தார்கள். யாருக்கு எது என்று தெரியாமல் இருக்கக் காதில் பாட்டு வேறு. ஆறு கிழமை கழித்து ஓடவிட்டுப் பார்த்தால், ஓடக்கூடிய நேரம் கூடினதில் இரண்டு பக்கத்துக்கும் இடையில் வித்தியாசம் 16.6 செக்கன்தான். அது தற்செயலாகவும் வரலாம் என்றார்கள். அந்த நேரம் கீழ்வீட்டு அங்கிள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு, "அப்போ எனக்கு வைத்தது சும்மாவா?" என்று கேட்டு ஒரே கரைச்சல். நீ போனில் அவரோடு அரை மணித்தியாலம் கதைத்தாய். மாரடைப்போடு போனவருக்கு ஸ்டென்ட் உயிர் காக்கிற விஷயம், இந்த ஆய்வு நடந்தால் மட்டும் நெஞ்சு பிடிக்கிற, குளிசையோடு இருக்கிற ஆட்களைப் பற்றியது என்று. அவர் முழுதாக நம்பவில்லை, ஆனால் நித்திரை கொண்டார்.

அதே ஆட்கள் பிறகு என்ன செய்தார்கள்? நெஞ்சுவலிக் குளிசைகளை நிறுத்திவிட்டு 301 பேரோடு மறுபடி கேட்டார்கள். 2023 இல் விடை மாறி வந்தது: ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு நெஞ்சுவலி குறைந்தது, எல்லோருக்கும் முழுதாகப் போகவில்லை என்றாலும். முதல் கணக்கில் வந்த "இல்லை"தான் இரண்டாவது கேள்வியைத் திருத்திக் கேட்க வைத்தது என்று சொன்னவள் நீ. நல்ல மாணவி ஒருத்தி விடையை அழித்துவிட்டு அழுதுகொண்டிருந்தால் நான் வகுப்பில் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும்.

திருப்பி அனுப்புவதும் புதுசா? டென்மார்க்கில் அன்டர்சன் என்ற வைத்தியர் 1989 இல் மடித்துப் பலூனில் ஏற்றக்கூடிய வால்வைச் செய்து பன்றியின் இதயத்துக்குள், நெஞ்சைத் திறக்காமல், வைத்துக் காட்டினார். சஞ்சிகைகள் வேண்டாம் என்றன. 1992 இல்தான் அச்சில் வந்தது. மனிதனுக்கு அப்படி ஒரு வால்வை பிரான்சில் க்ரிபியே என்ற வைத்தியர் வைத்தது 2002 இல். இப்போது எண்பது வயதுக்காரர்கள் காலையில் வைத்துப் பின்னேரம் எழும்பி இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள் என்கிறாய்.

பன்றி என்றதும் அம்மம்மாதான் ஞாபகம். 1999 இல் எனக்குச் சத்திரசிகிச்சை என்றபோது, விலங்குத் திசுவில் செய்த வால்வு ஒன்று, கார்பனில் செய்தது ஒன்று என்று இரண்டு வழி சொன்னார்கள். திசு வால்வு காலத்தில் தேய்ந்துவிடும், உங்களுக்கு நாற்பதுதானே என்று கார்பனையே சொன்னார்கள். அம்மம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தா. நீடிக்கும் என்பதற்காக இல்லை, நெஞ்சுக்குள் பன்றி வரவில்லை என்பதற்காக!

அந்த வால்வின் சத்தத்தை எண்ணித்தான் நீ கணக்குப் பழகினாய். ஆறு வயது. நுளம்பு வலைக்குள் என் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு, கடற்கரை ரயில் போய் முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு எண்ணத் தொடங்குவாய். அப்பாவின் மணிக்கூட்டில் ஒரு நிமிடம். 72. அதை அறுபதாலும் இருபத்துநாலாலும் பெருக்கி ஒரு நாளைக்கு 1,03,680 என்று நான் சொல்ல, "அவ்வளவு தரம் அடித்தால் உடையாதா?" என்று கேட்டாய். உன் முதல் ஆராய்ச்சிக் கேள்வி அதுதான். போன கிழமை கணக்குப் பார்த்தேன், நூறு கோடி தரத்தை நெருங்கிவிட்டது. இன்னும் உடையவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினொரு வயதில் தொண்டை நோவோடு வந்த ருமாட்டிக் காய்ச்சல்தான் என் வால்வைக் கெடுத்தது. உன்னைச் சுமந்தபோது படி ஏற முடியாமல் இளைத்து நின்றபோதுதான் அது தெரிந்தது. வார்ஃபரினோடு இன்னொரு பிள்ளை ஆபத்து என்றார்கள், அதனால் நீ ஒருத்திதான். இதை எழுதுவது நீ எனக்காக ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பதற்காக இல்லை. களைத்துப்போனாய் என்றால் விடு, வாட்டு வேலை ஒன்றும் குறைந்ததில்லை, அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். ஆனால் "இல்லை" என்று வந்ததை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டுப் போகாதே. உன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள். நீ எழுதாமல் விட்டால் நாளைக்கு இன்னொருவர் அதையே இன்னும் சில நூறு பேருக்குச் செய்து பார்ப்பார். வேறு சஞ்சிகைக்கு அனுப்பு. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

முதலில் அட்டவணைகளை எனக்கு அனுப்பு. கூட்டல் பிழை இருந்தால் நான் கண்டுபிடிப்பேன்.

அப்பா மிளகாய்த்தூள் வறுத்து அரைத்து வைத்திருக்கிறார். வருகிற மாதம் லண்டன் வருகிற ஆள் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறோம். போன தடவை போல விமான நிலையத்தில் மறந்துவிட்டுப் போகாதே.

அன்புடன்,
அம்மா

போன் எடுத்ததும் நீ முதலில் கேட்பது இதைத்தானே: இன்றைக்கு இரத்தம் எவ்வளவு மெல்லக் கட்டிபடுகிறது என்று பார்க்கிற அந்த ஐ.என்.ஆர். கணக்கு 2.9.