தட்டணுவின் இன்னொரு வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெங்குக் காலம் வந்தாலே உங்கள் நாளிதழ் காயத்தில் ரத்தத்தை உறையவைத்து நிறுத்தும் ரத்தத் தட்டணுக்களை (பிளேட்லெட்) பற்றித் தவறாமல் எழுதுகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஆபத்து என்பது இன்று வீட்டுத் திண்ணை வரை தெரிந்த செய்தி. எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே அந்தத் தட்டணு இதயத் தமனியை அடைத்து ஆளைச் சாய்க்கும் என்பதையும் எழுதுங்கள். 26 ஆண்டுகள் மருந்துக் கடையில் நின்றவன் என்ற முறையில் கேட்கிறேன்.

அடைபட்ட இதயத் தமனியைத் திறந்துவைக்கும் உலோக வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்து நான்கு மாதமான பெரியவர் ஒருவர், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எங்கள் கடையில் வாங்கிவந்தார். பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது என்று யாரோ சொல்ல, யாரிடமும் கேட்காமல் இரண்டையும் நிறுத்திவிட்டார். அடுத்த முறை சீட்டோடு வந்தது அவர் மகன். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து, அப்பா தீவிர சிகிச்சையில் இருப்பதாகச் சொன்னார். முந்தைய மாதம் நான் கத்தரித்துக் கொடுத்த அட்டையில் பதினோரு மாத்திரைகள் அப்படியே இருந்தன.

தமனியின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்பு படிகிறது. அந்தப் படிவின் மேல்தோல் கிழிந்தால், தட்டணுவுக்கு அதுவும் அரிவாள்மணையில் பட்ட விரலும் ஒன்றுதான். ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறது, ரசாயனங்களைச் சுரந்து மற்றத் தட்டணுக்களையும் அழைக்கிறது. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய் அதைத் தாங்குமா? உட்சவ்வு மூடும்வரை ஸ்டென்டின் உலோகத்தின் மீதும் அது இப்படித்தான் பாய்கிறது.

தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ள உதவும் ஒரு நொதியை ஆஸ்பிரின் முடக்குகிறது; உட்கரு இல்லாத தட்டணுவால் அதை மீண்டும் உண்டாக்க முடியாது. ஆனால் அதன் ஆயுள் 7 முதல் 10 நாள். நாள்தோறும் புதியவை பிறக்கின்றன. தினமும் மாத்திரை தேவைப்படுவது இதனால்தான். 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு, மாரடைப்பு எனச் சந்தேகிக்கப்பட்ட 17,187 பேரிடம் நடந்தது. ஒரு மாதம் ஆஸ்பிரின் பெற்றவர்களிடையே இதய, ரத்தநாள மரணங்கள் 23 சதவீதம் குறைந்தன.

இதைப் படித்துவிட்டு, நோயில்லாதவர்கள் தாமாக ஆஸ்பிரின் வாங்கி விழுங்க வேண்டாம். வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். டெங்குக் காய்ச்சலிலும் ஆஸ்பிரின் ஆகாது. ஸ்டென்ட் வைத்தவருக்கு டெங்கு வந்தால் இதய மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில், எந்த மாத்திரையை எந்தத் தேதிவரை நிறுத்தக்கூடாது என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
பாளையங்கோட்டை