துப்பாக்கி ஏந்தாத படைவீரர்

ஆசிரியருக்கு,

படையில் பாதிரியாருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் எமில் கபானைப் பற்றிப் படிக்க வேண்டும். 1916-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கக் குரு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பர்மாவிலும் இந்தியாவிலும்கூட இருந்திருக்கிறார்.

கொரியப் போரில், 1950 நவம்பரில், வடகொரியாவின் உன்சானில் அமெரிக்கப் படையைச் சீனப் படை சூழ்ந்தபோது, தப்பிக்க வாய்ப்பிருந்தும் காயம்பட்டவர்களோடு தங்கிக் கைதியானார். கணுக்கால் உடைந்து கிடந்த வீரரை ஒரு சீனச் சிப்பாய் சுடப்போக, துப்பாக்கியைத் தள்ளிவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அப்புறம் சிறைமுகாம். பட்டினியில் வாடிய கைதிகளுக்காக இரவில் உணவு திருடினார். கிளம்பும் முன் இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்டு மனம் மாறிய நல்ல கள்ளனிடம் வேண்டிக்கொள்வாராம்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1951 மே மாதம் முகாமிலேயே இறந்தார், வயது 35. அமெரிக்காவின் உயரிய வீர விருது 2013-இல்தான் கிடைத்தது. ஹவாயில் பெயரின்றிப் புதைக்கப்பட்டிருந்த அவரது எலும்புகள், 2021-இல் அடையாளம் காணப்பட்டு கான்சஸின் விச்சிட்டா நகரப் பேராலயத்துக்கு வந்து சேர்ந்தன.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி